அலாரம் அடிக்கிறது, மெயில் மட்டும் வரவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளின் திரையில் அலாரம் சிவப்பாக நிற்கிறது, ஹூட்டர் அடிக்கிறது, ஆனால் வீட்டில் இருக்கும் மெயின்டனன்ஸ் இன்ஜினியரின் போனுக்கு ஒன்றும் வரவில்லை. குளிர்பதனக் கிடங்கு, பால் குளிரூட்டும் நிலையம், சாய ஆலையின் பாய்லர் அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எங்கே போனாலும் இந்தக் கோளாறு வருகிறது, காரணங்களும் பெரும்பாலும் அதே ஏழெட்டுதான். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

இந்தக் கோளாற்றின் கெட்ட குணம் என்னவென்றால் அது சத்தமில்லாமல் வரும். மெயில் அமைப்பு செத்துப்போன இரவும் ஆலையில் ஒரு கோளாறும் இல்லாத இரவும் போனில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே பாய்லரில் தண்ணீர் மட்டம் குறைவது, அமோனியா கசிவது போன்றவற்றுக்கு இன்டர்லாக்கும் (ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் அமைப்பு) ஹூட்டரும் அந்த இடத்தில் நிற்கும் ஆளும்தான் பாதுகாப்பு. மெயில் அதற்கெல்லாம் பிறகு வருவது. அந்த இடத்தில் மெயிலை மட்டும் நம்பி ஓட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் இன்டர்லாக்கைச் சரி செய்யுங்கள்.

தொடங்கும் முன்

ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், நீங்கள் சோதனைக்காக எழுப்பும் அலாரத்தைப் பார்த்து அவர் பம்பை நிறுத்திவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் டிரிப் அலாரத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். எந்த இயந்திரத்தோடும் சம்பந்தமில்லாத ஒரு மெமரி டேக்கை (மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் ஒரு மதிப்பு) உருவாக்கி, அதற்கு அலாரம் வைத்து, அதை 0, 1 என்று மாற்றிப் பாருங்கள். கையில் ஒரு லேப்டாப்பும் ஹாட்ஸ்பாட் போட ஒரு போனும் இருந்தால் பாதி வேலை முடியும்.

அப்புறம் லாக். இக்னிஷன், வின்-911, வின்சிசி என்று எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் மெயில் அனுப்பும் பகுதி எங்காவது ஒரு பதிவு வைத்திருக்கும். இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சி நேரடியாக அனுப்பினால் (சீமென்ஸ் எஸ்7-1200-இல் டிமெயில்_சி பிளாக் மாதிரி) அந்த பிளாக்கின் ஸ்டேட்டஸ் எண்தான் லாக். அலாரம் வந்த நேரத்துக்கு நேராக அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

- பிழை வரி இருக்கிறது என்றால் அறிகுறி 1.
- ஒன்றுமே இல்லை, அனுப்ப முயன்ற தடமே இல்லை என்றால் அறிகுறி 2.
- 'அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது, ஆனால் ஆளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அறிகுறி 3 அல்லது 4.

லாக்கைப் பார்க்காமல் பாஸ்வேர்டையும் போர்ட்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் ஓடிக்கொண்டிருந்த அமைப்பும் சேர்ந்து குழம்பிவிடும், எது முதலில் கெட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

## அறிகுறி 1: டெஸ்ட் மெயிலே போகவில்லை, லாக்கில் பிழை

பிழை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து நான்கு கிளை.

### 1-அ. 'இணைக்க முடியவில்லை', 'டைம் அவுட்'

மெயில் சர்வரின் வாசல் வரைகூடப் போகவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டைத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ், அதாவது சர்வரின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது. ஸ்காடா கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி கொடுக்கும்போது ஐபி, சப்நெட் இரண்டையும் போட்டுவிட்டு டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விடுவது ரொம்ப சகஜம், ஏனென்றால் பிஎல்சியோடு பேச அது தேவையே இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்கப் (nslookup) போட்டு மெயில் சர்வரின் பெயரைக் கொடுங்கள். ஐபி வரவில்லை என்றால் கோளாறு கிடைத்துவிட்டது.

அடுத்தது கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்கு வெளியேறும் வழி. இந்தக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும், ஒன்று பிஎல்சி பக்கம், இன்னொன்று அலுவலகப் பக்கம். இரண்டிலும் டிஃபால்ட் கேட்வே போட்டிருந்தால் விண்டோஸ் சில நாள் சரியான வழியில் போகும், சில நாள் பிஎல்சி பக்கமாக இணையத்தைத் தேடும். 'ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல' என்று ஆபரேட்டர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிஎல்சி பக்கக் கார்டில் கேட்வே காலியாக இருக்க வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன் வேறு சப்நெட்டில் ஏதாவது பிஎல்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நிலையான ரூட் சேர்த்த பிறகுதான் கேட்வேயை எடுக்க வேண்டும்.

மூன்றாவது போர்ட். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டெல்நெட் கிளையன்ட்டை ஆன் செய்துவிட்டு, டெல்நெட் போட்டு சர்வர் பெயரையும் 587-ஐயும் கொடுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது. கருப்புத் திரையே நின்றாலோ நேரம் கடந்து பிழை வந்தாலோ நடுவில் யாரோ தடுக்கிறார்கள். 25 போட்டிருந்தால் 587-க்கு மாற்றிப் பாருங்கள், ஸ்பேமைத் தடுக்க வெளியே போகும் 25-ஐ மூடி வைக்கும் இணைய நிறுவனங்கள் நிறைய.

தடுப்பது யார்? லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே டெல்நெட்டை ஓட்டுங்கள். போகிறது என்றால் ஆலையின் ஃபயர்வால் அல்லது இணைய இணைப்பு. அதே லேப்டாப்பை ஆலை நெட்வொர்க்கில் போட்டாலும் போகிறது, ஸ்காடா கம்ப்யூட்டரில் மட்டும் போகவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபயர்வால் அல்லது ஆன்டிவைரஸ். மெயில் புழுக்களைத் தடுக்கிறேன் என்று தெரியாத மென்பொருள் மெயில் அனுப்புவதை மறிக்கும் விதி சில ஆன்டிவைரஸ்களில் உண்டு. மெயில் அனுப்பும் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஸ்காடா கம்ப்யூட்டரையே ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கும் ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். ஆலை நெட்வொர்க்கை எந்தக் காவலும் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து விடுவது அது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஃபயர்வாலில் விதி சேர்ப்பது ஐடி ஆளின் வேலை. 'இன்டர்நெட் திறந்து விடுங்க' என்று கேட்காமல், 'இந்த ஐபியிலிருந்து இந்த மெயில் சர்வருக்கு, 587 மட்டும்' என்று எழுதிக் கொடுங்கள். அப்படிக் கேட்டால் அவரும் மறுக்க மாட்டார்.

### 1-ஆ. 535, 534: பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை

வாசலுக்குப் போய்விட்டீர்கள், உள்ளே விடவில்லை.

ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது. தனிநபர் கணக்குகளில் 'பாதுகாப்பு குறைந்த ஆப்' வழியை கூகுள் 2022 மே 30-இல் மூடிவிட்டது. அந்தக் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கி, அதை இடைவெளி இல்லாமல் போட வேண்டும். 534 என்று வந்து ஆப் பாஸ்வேர்டு வேண்டும் என்று அதுவே கேட்டால் விஷயம் இதுதான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். அலுவலகத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், பாய்லர் அறையின் மெயில் அன்றோடு நின்றிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365 என்றால் 535 5.7.139 என்ற எண்ணைத் தேடுங்கள். அந்தக் கணக்குக்கோ நிறுவனம் முழுக்கவோ எஸ்எம்டிபி ஆத் (மென்பொருள்கள் உள்நுழைந்து மெயில் அனுப்பும் வழி) அணைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் வழக்கமான பொருள். நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டு போட்டாலும் மாறாது, அட்மின்தான் அந்த ஒரு அஞ்சல் பெட்டிக்குத் திறந்து விட வேண்டும். வெறும் பயனர் பெயர், பாஸ்வேர்டை வைத்து மெயில் அனுப்பும் முறையையே மைக்ரோசாஃப்ட் ஒழித்துக்கொண்டு வருகிறது. அவுட்லுக் டாட் காம் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பரிலேயே போய்விட்டது. எனவே புதிதாக அமைப்பவர்கள் உங்கள் ஸ்காடா மென்பொருள் ஓ-ஆத் முறையில் (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் கொடுத்து) உள்நுழையுமா என்று விற்றவரிடம் இப்போதே கேளுங்கள். முடியாது என்றால் கீழே 1-இ-யில் சொல்லும் ரிலேதான் (மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் இடைநிலை சர்வர்) வழி.

### 1-இ. டிஎல்எஸ், சான்றிதழ் பிழை

டிஎல்எஸ் என்பது இணைப்பைக் குறியாக்கம் செய்யும் முறை, சான்றிதழ் என்பது அதில் சர்வர் காட்டும் அடையாள அட்டை. இதில் மூன்று காரணம், மூன்றுக்கும் செலவு வேறு.

செலவே இல்லாதது போர்ட் பொருத்தம். 465 என்றால் முதல் நொடியிலிருந்தே குறியாக்கம், 587 என்றால் சாதாரணமாகத் தொடங்கி ஸ்டார்ட்-டிஎல்எஸ் மூலம் குறியாக்கத்துக்கு மாறுவது. மென்பொருளில் எஸ்எஸ்எல், ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்று தனித்தனி டிக் இருந்தால் 465-க்கு முதலாவது, 587-க்கு இரண்டாவது. மாற்றிப் போட்டால் புரியாத பிழை ஏதாவது வரும், அல்லது நேரம் கடந்து நிற்கும். 530 என்று வந்து ஸ்டார்ட்-டிஎல்எஸ் முதலில் வேண்டும் என்று கேட்டால் டிக் போடவே இல்லை.

நூறு ரூபாய்க்குள் முடிவது கடிகாரம். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி (சிஆர்2032) தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னே போகும். சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு இணைப்பை மறுக்கும். பிஎல்சிக்கும் இது பொருந்தும். நீண்ட விடுமுறையில் பேனலை அணைத்து வைத்திருந்தால் அதன் கடிகாரமும் பின்னே போயிருக்கலாம். பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தை என்டிபி மூலம் (நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வரிலிருந்து) எடுக்கச் செய்யுங்கள்.

செலவு வைப்பது பழைய கருவி. விண்டோஸ் எக்ஸ்பி, அப்டேட் போடாத விண்டோஸ் 7, பழைய ஃபர்ம்வேர் உள்ள ரிமோட் யூனிட் இவையெல்லாம் டிஎல்எஸ் 1.0 மட்டும் பேசும். பெரிய மெயில் சேவைகள் இப்போது 1.2 கேட்கின்றன. ஸ்காடா ஓடும் விண்டோஸ் 7-இல் அப்டேட் போடலாமா என்று கேட்டால், முழு பேக்கப் இமேஜ் எடுக்காமல் வேண்டவே வேண்டாம் என்பேன். அதைவிட நல்ல வழி, ஆலைக்குள்ளேயே ஒரு சிறிய ரிலே. ஒரு சாதாரண லினக்ஸ் பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டால் பழைய கருவி அதற்குக் குறியாக்கம் இல்லாமல் 25-இல் அனுப்பும், அது வெளியே டிஎல்எஸ் 1.2-இல் அனுப்பிக்கொள்ளும். வரிசையும் வைத்துக்கொள்ளும் என்பதால் இணையம் பத்து நிமிடம் போய் வந்தாலும் மெயில் தொலையாது. இந்த ரிலே ஸ்காடா ஐபியிலிருந்து மட்டும் மெயில் வாங்க வேண்டும், இணையத்திலிருந்து யாரும் அதைத் தொடக் கூடாது. இடம் கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் உள்ள டிஎம்இசட். இதை அமைக்க ஐடி ஆளும் ஆட்டோமேஷன் ஆளும் ஒன்றாக உட்கார வேண்டும், தனியாக ஒருவர் செய்தால் ஏதாவது ஒரு பக்கம் ஓட்டை விழும்.

எஸ்7-1200, 1500 பிஎல்சிகள் டிஎல்எஸ்ஸில் நேரடியாக மெயில் அனுப்பும்போது சர்வரின் மூலச் சான்றிதழை டிஐஏ போர்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருள்) ஏற்றி டவுன்லோடு செய்திருக்க வேண்டும். மெயில் நிறுவனம் வேறு சான்றிதழ் வழங்குநருக்கு மாறினால் நீங்கள் ஒன்றுமே தொடாமல் மெயில் நிற்கும். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆளைக் கூப்பிடும் இடம் இது, ஏனென்றால் ஓடும் பிஎல்சியில் டவுன்லோடு செய்வதென்றால் ஆலை நிற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

### 1-ஈ. 550, 553, 554: மறுக்கப்பட்டது

பெரும்பாலும் அனுப்புநர் முகவரிதான். அமைத்தவர் அழகாக இருக்கட்டும் என்று 'பாய்லர்-அலாரம்' என்று இல்லாத முகவரியைப் போட்டிருப்பார், உள்நுழையும் கணக்கு வேறாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் இது 5.7.60 என்று வரும். அனுப்புநர் முகவரியை உள்நுழையும் கணக்கோடு ஒன்றாக்குங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள்) பற்றிப் பிழை பேசினால் நிறுவன டொமைனின் டிஎன்எஸ்ஸில் பதிவு சேர்க்க வேண்டும், அதை மெயில் அட்மினிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: டெஸ்ட் மெயில் வருகிறது, உண்மையான அலாரத்துக்கு வரவில்லை

மெயில் பக்கம் முழுக்க நன்றாக இருக்கிறது. இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள், கோளாறு அலாரத்துக்கும் அனுப்பும் விதிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இங்கேதான் அதிக நேரம் போகும், நிதானமாகவும் தேட வேண்டும்.

- அந்த அலாரத்துக்கு அனுப்பும் விதி இணைக்கப்பட்டிருக்கிறதா? இக்னிஷனில் ஒவ்வொரு அலாரத்திலும் எந்த பைப்லைன் (அனுப்பும் விதி) என்று குறிக்க வேண்டும், காலியாக விட்டால் திரையில் மட்டும் காட்டும், மெயிலுக்குப் போகாது. புதிதாகச் சேர்த்த டேக்குகளில் இது விட்டுப்போவது சர்வ சாதாரணம். பழைய அலாரங்கள் வருகின்றன, புதியவை மட்டும் இல்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.
- முன்னுரிமை. 'ஹை, கிரிட்டிகல் மட்டும்' என்று வடிகட்டி இருக்கும், அலாரமோ டிஃபால்ட்டாக 'லோ'வில் கிடக்கும்.
- ஷெட்யூலும் ரோஸ்டரும். யாருக்கு எந்த ஷிஃப்டில் போக வேண்டும் என்று எழுதியதில் இரவு 10 முதல் காலை 6 வரை யாருமே இல்லாமல் விட்டிருப்பார்கள். நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டை 22:00 - 24:00, 00:00 - 06:00 என்று இரண்டாகப் பிரித்துப் போட வேண்டிய மென்பொருள்களும் உண்டு. விடுமுறை நாட்களைக் கடைப்பிடி என்ற டிக் இருந்தால் பொங்கலன்று யாருக்கும் மெயில் போகாது, குளிர் அறை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.
- டிலே. அனுப்பும் முன் 5 நிமிடம் காத்திரு, அதற்குள் அக்னாலெட்ஜ் (பார்த்துவிட்டேன் என்று ஆபரேட்டர் அழுத்துவது) ஆனால் விட்டுவிடு என்று இருக்கலாம். ஹூட்டர் சத்தம் தாங்காமல் ஆபரேட்டர் உடனே அக்னாலெட்ஜ் அழுத்துவார், மெயில் அங்கேயே நிற்கும். அமைப்பு சொன்னபடிதான் நடக்கிறது. ஆனால் அது உங்களுக்கு வேண்டுமா என்று தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால், கிரிட்டிகல் அலாரத்துக்கு இந்த நிபந்தனை இருக்கவே கூடாது.
- யாராவது ஷெல்வ் செய்தோ (தற்காலிகமாக ஒதுக்கி வைத்தோ) டிசேபிள் செய்தோ மறந்திருக்கிறார்களா? சென்சார் மாற்றும்போது அணைத்து வைத்தது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இப்படி அணைந்து கிடக்கும் அலாரங்களின் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.
- மெயில் அனுப்பும் சர்வீஸ் ஓடுகிறதா? டெஸ்ட் பட்டன் நீங்கள் லாகின் செய்திருக்கும் பயனராக அனுப்பும், உண்மையான அலாரமோ பின்னால் ஓடும் சர்வீஸ் கணக்கில் அனுப்பும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆன பிறகு யாராவது லாகின் செய்தால்தான் மெயில் வரும் என்றால் இதுதான். சர்வீஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

சோதனை டேக்கை 1 ஆக்கி, அலாரம் பட்டியலில் வந்ததா, விதிக்குள் நுழைந்ததா, அனுப்பும் இடம் வரை வந்ததா என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள். எங்கே மறைகிறதோ அதற்கு முந்தைய படியில்தான் தப்பு.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இத்தனையும் சரி, சோதனை டேக்குக்கு மெயில் வருகிறது, குறிப்பிட்ட ஒரு உண்மையான அலாரத்துக்கு மட்டும் வரவில்லை என்றால் அது பிஎல்சி லாஜிக்கிலோ சென்சாரிலோ இருக்கிறது. திரையிலாவது அந்த அலாரம் எழுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் அன்றைக்கே இன்ஸ்ட்ருமென்ட் ஆளைக் கூப்பிடுங்கள், அது மெயில் பிரச்சினையே இல்லை.

## அறிகுறி 3: சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை

ஸ்பேம் பெட்டியை முதலில் பாருங்கள், வராதவரின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முகவரிகளுக்கு நடுவே கமாவா அரைப்புள்ளியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். தப்பான குறி இருந்தால் முதல் ஆளுக்கு மட்டும் போகும், அல்லது ஒருவருக்கும் போகாது.

தனி முகவரிக்குப் போகிறது, 'மெயின்டனன்ஸ் குழு' முகவரிக்குப் போகவில்லை என்றால் அந்தக் குழு வெளியிலிருந்து வரும் மெயிலை ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 365-இல் இந்தக் குழுக்கள் டிஃபால்ட்டாக நிறுவனத்துக்குள்ளிருந்து வருவதை மட்டும் வாங்கும், திருப்பி அனுப்பும் கடிதத்தில் 5.7.133 என்று இருக்கும். அலாரத்தை ஜிமெயிலில் இருந்து அனுப்பினால் இது கட்டாயம் வரும். அட்மின் அந்த ஒரு அனுப்புநருக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

இந்தத் திருப்பிக் கடிதங்கள் எல்லாம் அலாரம் கணக்கின் இன்பாக்ஸுக்குத்தான் வரும், அதை யாரும் திறப்பதே இல்லை. வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். யாருக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று அங்கே எழுதியே இருக்கும்.

## அறிகுறி 4: வருகிறது, ஆனால் தாமதமாக

மெயிலைத் திறந்து முழுத் தலைப்பையும் பாருங்கள். ஒவ்வொரு சர்வரும் வாங்கிய நேரத்தை ஒரு வரியாகப் பதித்திருக்கும், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எந்த இரண்டு வரிக்கு நடுவே இடைவெளி விழுகிறதோ அங்கேதான் தாமதம். சில வரிகள் உலக நேரத்தில் இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லா வரியும் ஒரே நிமிடத்துக்குள் இருக்கிறது, போன்தான் தாமதமாகக் காட்டியது என்றால் ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு. மெயில் ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாத பட்டியலில் சேர்த்து, ஒத்திசைவை ஆன் செய்து, அலாரம் முகவரிக்கு மட்டும் தனி ஒலி வையுங்கள், இரவில் 'தொந்தரவு செய்யாதே' இருந்தாலும் அது ஒலிக்கும்படி. முதல் வரியே தாமதம் என்றால் ஸ்காடா பக்கத்து டிலே, அறிகுறி 2-க்குப் போங்கள். நடுவில் என்றால், முன்பின் தெரியாத அனுப்புநரைப் பெறும் சர்வர் கொஞ்ச நேரம் காக்க வைக்கிறது, 4-இல் தொடங்கும் எண்கள் லாக்கில் தெரியும். பெறும் பக்கத்து அட்மினிடம் உங்கள் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மெயிலுக்குள் எழுதியிருக்கும் அலாரம் நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருந்தால் அது தாமதமே இல்லை, கருவியின் நேர மண்டலம் மாற்றப்படவில்லை.

## அறிகுறி 5: மெயில் வெள்ளம்

மற்ற கோளாறுகளைவிட இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான மெயில் வந்தால் அடுத்த நாளே எல்லோரும் அந்த முகவரியை மியூட்டில் போட்டுவிடுவார்கள், அதன் பிறகு உண்மையான அலாரம் போனாலும் பயனில்லை. 1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி பெற்று உட்கார்ந்திருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், தூக்கத்தில் போனை எடுக்கிறவர் என்ன செய்வார்?

எண்ணிக்கை அதிகமானால் மெயில் சேவையும் நிறுத்திவிடும். தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500. 10 பேருக்குத் தனித்தனியாகப் போகும் அமைப்பில் 50 அலாரத்திலேயே அது தீர்ந்துவிடும், அப்புறம் 24 மணி நேரம் வரை ஒன்றும் போகாது. லாக்கில் 550 5.4.5 என்று இருந்தால் இதுதான்.

ஒரே அலாரம் வந்து வந்து போகிறதா? முதலில் டெர்மினலை இறுக்குங்கள். தளர்ந்த 4-20 மில்லி ஆம்ப் சென்சார் வயர், ஈரம் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸ், ஆடும் லெவல் சுவிட்ச் இவைதான் பெரும்பாலும். வயரிங் நன்றாக இருந்தால் டெட்பேண்டும் (அலாரம் அணைய அளவு எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பது) டிலேயும். ஐஎஸ்ஏ 18.2 என்ற அலாரம் மேலாண்மைத் தரநிலை தொடக்கத்துக்குச் சொல்லும் அளவுகள் நடைமுறைக்கு ஒத்துவருகின்றன: ஓட்டத்துக்கு 5 சதவீதம், 15 வினாடி, மட்டத்துக்கு 5 சதவீதம், 60 வினாடி, அழுத்தத்துக்கு 2 சதவீதம், 15 வினாடி, வெப்பநிலைக்கு 1 சதவீதம், 60 வினாடி. குளிர் அறையில் மெயிலுக்கான டிலேயை மட்டும் இன்னும் கூட்ட வேண்டும், சரக்கு ஏற்றக் கதவு திறந்திருக்கும் நேரத்தைத் தாண்டும்படி. டிரிப் சம்பந்தப்பட்ட அலாரத்தின் டிலேயைப் பிராசஸ் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் தொடாதீர்கள்.

பல அலாரம் ஒரே நேரத்திலா? மின்தடை, பிஎல்சி தொடர்பு அறுந்தது மாதிரி ஒரே காரணத்தால் எல்லாமே எழும். ஒரு நிமிடத்துக்குள் வருபவற்றை ஒரே மெயிலாகக் கட்டும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். தொடர்பு அறுந்தால் அந்த ஒரு அலாரம் மட்டும் போகட்டும்.

எல்லா அலாரமும் மெயிலுக்குப் போகிறதா? பட்டியலை ஷிஃப்ட் ஆட்களோடு உட்கார்ந்து வெட்டுங்கள். இந்த மெயிலைப் பார்த்ததும் யார் என்ன செய்வார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அலாரம் திரையிலேயே இருக்கட்டும்.

## அறிகுறி 6: கரன்ட் போனால் மட்டும் வராது

ஸ்காடா கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் இருக்கும் ரூட்டர், ஃபைபர் பெட்டி, நடுவில் ஏதோ ஒரு தூணில் தொங்கும் நெட்வொர்க் சுவிட்ச் இவற்றில் ஒன்று நேரடி மின்சாரத்தில் இருக்கும். கேபிளைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக நடந்து பாருங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள். சிறிய டிசி யுபிஎஸ் ஒன்று ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சில மணி நேரம் தாங்கும்.

அதன் பிறகும் இணையமே போய்விடும் இடம் என்றால் சிம் போட்ட எஸ்எம்எஸ் மோடம் இரண்டாவது வழி. பழைய 2ஜி மோடத்தில் ஜியோ சிம் வேலை செய்யாது, அந்த நெட்வொர்க்கில் 2ஜியே இல்லை. பிரீபெய்டு சிம் என்றால் வேலிடிட்டி முடியும் தேதியை மெயின்டனன்ஸ் காலண்டரில் எழுதுங்கள். இந்த வேலையை ஆட்டோமேஷன் கம்பெனியிடம் கொடுக்கும்போது, மெயின் சுவிட்சை உண்மையிலேயே இறக்கி எஸ்எம்எஸ் வருவதைக் காட்டிய பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

## அறிகுறி 7: நன்றாக ஓடியது, ஒரு நாள் நின்றுவிட்டது, எப்போது என்று தெரியவில்லை

கடைசியாக வந்த மெயிலின் தேதியைத் தேடுங்கள், அந்த வாரத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். வழக்கமான பதில்கள்: வேலையை விட்டுப் போனவரின் சொந்தக் கணக்கில் அலாரம் ஓடியது, அதை மூடிவிட்டார்கள். பாஸ்வேர்டு 90 நாளில் காலாவதியாகும் விதி வந்தது. ஃபயர்வால் மாற்றினார்கள். சி டிரைவ் நிரம்பி சர்வீஸ் நின்றது. மென்பொருளின் மெயில் பகுதியின் லைசென்ஸ் முடிந்தது. கடைசியைத் தவிர எதற்கும் பணம் தேவையில்லை. அலாரத்துக்கு என்று தனிக் கணக்கு, அதன் பாஸ்வேர்டு காலாவதி ஆகாத விதிவிலக்கு, அதன் விவரம் இரண்டு பேரிடம், இவ்வளவு போதும்.

இந்த அறிகுறி திரும்ப வராமல் இருக்க, தினமும் காலை 8 மணிக்கு 'அமைப்பு ஓடுகிறது' என்று ஒரு மெயில் போகும்படி வையுங்கள். அதை டெஸ்ட் பட்டன் வழியாக அனுப்பாமல் சோதனை டேக்கை நேரப்படி 1 ஆக்கி, உண்மையான அலாரம் போகும் அதே விதி வழியாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் எது அறுந்தாலும் தெரியும். 8:15-க்குள் வரவில்லை என்றால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரோடு எழுதிப் பேனல் ரூமில் ஒட்டுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

லாக்கின் பிழை வரி (எண்ணோடு முழுதாக, 'எரர் வருது' என்று மட்டும் சொல்லாமல்), டெல்நெட் சோதனையின் முடிவு ஆலை நெட்வொர்க்கிலும் ஹாட்ஸ்பாட்டிலும், கடைசியாக மெயில் வந்த தேதி, அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள், மென்பொருளின் பதிப்பு எண், கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ் எது என்பது. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அவர் வந்த பிறகு நீங்களே தட்டுங்கள். அவர் போகும் முன் சோதனை டேக்கை 1 ஆக்கி, இரவு ஷிஃப்டில் இருக்கப்போகும் ஆளின் போனில் மெயில் ஒலிப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.